அலெக்ஸாண்டருக்கு ஊட்டியில் என்ன வேலை?

மே மாதம் ஊட்டிக்குப் போவீர்கள். பொட்டானிக்கல் கார்டனுக்கு மேலே இருக்கிற தோடர் மந்துக்கும் யாராவது உங்களைக் கூட்டிப்போவார். சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்த புத்துக்குளியைப் போர்த்திக்கொண்டு, தாடி வைத்த பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். கூட வந்தவர் உங்கள் காதைக் கடிப்பார்: "இவங்கள்லாம் கிரேக்க வம்சம் சார். அலெக்ஸாண்டர் படையில வந்தவங்க."

நீங்களும் மூக்கைப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவீர்கள். தயவுசெய்து ஆட்டாதீர்கள்.

மாசிடோனிய மன்னர் அலெக்ஸாண்டர் கி.மு. 326-ல் பஞ்சாபில் பியாஸ் நதி வரைதான் வந்தார். அதற்கு மேல் நகர மாட்டோம் என்று படை அடம்பிடித்தது. திரும்பினார். கி.மு. 323-ல் பாபிலோனில் செத்தும் போனார். ஊருக்குப் போகணும் என்று மல்லுக்கு நின்ற சிப்பாய், இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தெற்கே நடந்து, நீலகிரி ஏறி, எருமை மேய்த்தானாம். கதை விடலாம், அதற்காக இப்படியா?

கிரேக்க ராஜாக்களுக்கும் தெற்குக்கும் சம்பந்தமே இல்லையா? உண்டு. அசோகரின் 13-ம் பாறைக் கல்வெட்டு ஐந்து கிரேக்க மன்னர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. மாசிடோனியாவை ஆண்ட ஆன்டிகோனஸ் அதில் ஒருவர். அதே கல்வெட்டில் சோழரும் பாண்டியரும் இருக்கிறார்கள். தனித்தனி ராஜ்யங்களாக இருக்கிறார்கள். தாத்தாவும் பேரனுமாக அல்ல!

இன்னொரு வேடிக்கை. 1939-ல் கிரேக்க அரச குடும்பத்து இளவரசர் பீட்டரே தோடர்களை ஆராய வந்தார். அவராவது 'நம்ம ஆளுங்க' என்றாரா? சுமேரியாவைக் கை காட்டினார். இஸ்ரேலின் காணாமல் போன குலம் என்றவர்களும் உண்டு. எந்த ஊராக இருந்தாலும் சரி, நீலகிரியாக மட்டும் இருக்கக் கூடாது!

அவர்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டாலே போதும். நம் 'கண்' அவர்களுக்குக் 'கொண்'. நம் 'கை', 'கொய்'. 1930-களில் இங்கே தங்கி ஆராய்ந்த எமனோ இந்தத் திராவிட மொழிக்கு இலக்கணமே எழுதினார். 1117-ம் வருஷத்து ஹொய்சாளக் கல்வெட்டில் தோடர் பெயர் இருக்கிறது. செத்தவர் ஆவி போகிற வழியும் இந்த மலையில்தான் என்பது அவர்கள் நம்பிக்கை.

'சும்மா ஒரு கதைதானே, விடுங்க' என்கிறீர்களா? விட முடியாது. பூர்வகுடியை 'எங்கிருந்தோ வந்தவன்' ஆக்கிவிட்டால், அவன் நிலத்தை எடுத்துக்கொள்வது சுலபம். வெள்ளைக்காரன் புல்வெளியைத் தரிசு என்றான். கற்பூர மரமும் சீகை மரமும் நட்டான். சுதந்திரத்துக்குப் பிறகு நாமும் சளைக்கவில்லை. ஆலைக்கு மரம் வேண்டுமென்று ஏக்கர் ஏக்கராக நட்டோம். மின்சாரத்துக்காக அணை கட்டிப் பள்ளத்தாக்குகளை மூழ்கடித்தோம். தோடர்கள் மொத்தமே சுமார் இரண்டாயிரம் பேர். எருமை இல்லாமல் அவர்களுக்குக் கோயில் இல்லை, சடங்கு இல்லை. புல் இல்லாமல் எருமை ஏது? 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டம் மேய்ச்சல் உரிமையை ஒப்புக்கொள்கிறது. அதைப் பற்றி எந்த கைடாவது உங்களிடம் வாய் திறந்தாரா?

அடுத்த முறை அலெக்ஸாண்டர் பேச்சு வந்தால், அந்தப் பெரியவரிடமே கேளுங்கள்: "ஐயா, உங்க எருமை மேய்ஞ்ச புல்வெளி எங்கே?"

அவர் கை நீட்டுகிற பக்கம் தேயிலையும் சீகையும் கட்டடமும் தெரியும். உண்மையில் படையெடுத்து வந்தது யார் என்று அப்போது புரியும்.