லண்டன் - பாரிஸ்: ஒண்ணேகால் மணி நேரம் என்பது யாருடைய கணக்கு?

லண்டனிலிருந்து பாரிஸுக்கு நேர்கோட்டில் சுமார் 340 கிலோமீட்டர். விமானத்தில் எவ்வளவு நேரம் என்று கேட்டால் வரும் பதில், ஒண்ணேகால் மணி நேரம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது விமானத்தின் நேரம், பயணியின் நேரம் அல்ல!

கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். ஹீத்ரோ விமான நிலையம் நகர மையத்திலிருந்து 20 கிலோமீட்டருக்கும் மேல். போய்ச் சேர ஏறக்குறைய ஒரு மணி நேரம். பெட்டி போட, சோதனைக்கு நிற்க என்று 2 மணி நேரம் முன்னதாகவே அங்கே இருக்க வேண்டும். அப்புறம்தான் அந்த ஒண்ணேகால். இறங்கியதும் பாஸ்போர்ட் வரிசை, பெட்டிக்காகக் காத்திருப்பு என்று அரை மணி. ஷார்ல் து கோல் விமான நிலையமும் ஊருக்கு வெளியேதான். ரயில் பிடித்து பாரிஸுக்குள் வர இன்னும் அரை மணிக்கு மேல். ஆக மொத்தம் 5 மணி நேரம் தாண்டிவிட்டது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பாரிஸ் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே ஓடுகிறது. லண்டனில் 10 மணிக்குக் கிளம்பினால் 12.15-க்கு இறங்கலாம். திரும்பும்போது பாரிஸில் 10 மணிக்குக் கிளம்பினால் லண்டனில் 10.15 தான்! டிக்கெட்டைப் பார்த்துக் கழித்தல் கணக்குப் போடுபவர் இரண்டு முறையும் ஏமாறுவார்.

சரி, ரயில்? கடலுக்கடியில் போகும் சுரங்கம் 1994-ல் திறந்தது. நீளம் 50 கிலோமீட்டர், அதில் 38 கடலுக்குக் கீழே. அப்போது யூரோஸ்டார் ரயிலுக்கு 3 மணி நேரம் பிடித்தது. 2007-ல் இங்கிலாந்துப் பக்கம் அதிவேகப் பாதை முடிந்ததும் 2 மணி 16 நிமிடமாகக் குறைந்தது. ஏறும் நிலையம், இறங்கும் நிலையம் இரண்டும் ஊருக்குள்ளேயே. பிரான்ஸ் பாஸ்போர்ட் சோதனையும் லண்டனிலேயே முடிந்துவிடும். ஒரு மணி நேரம் முன்னதாகப் போனாலும் மொத்தம் 4 மணி நேரத்துக்குள் அடங்கும். புகையும் பல மடங்கு குறைவு.

பிறகு ஏன் விமானம்? பல நாட்களில் அதுதான் மலிவு. சர்வதேச விமானங்களின் எரிபொருளுக்குப் பொதுவாக வரி இல்லை. ரயிலோ தண்டவாளத்துக்கும் சுரங்கத்துக்கும் தனித்தனியாகக் கட்டணம் கட்டுகிறது. மாணவர்களிடம் "ரயிலில் போங்கள்" என்று உபதேசம் செய்தால் மட்டும் போதுமா? விலையும் இறங்க வேண்டாமா?

பிரான்ஸ் 2023-ல் ஒரு சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போக முடிந்தால் உள்நாட்டு விமானம் கூடாது. பாரிஸின் ஓர்லியிலிருந்து லியோன், நான்ட், போர்தோ என மூன்றே தடங்கள்தான் அதில் சிக்கின. லண்டன் ரயிலும் அந்த இரண்டரை மணிக்குள்தான் வருகிறது, ஆனால் எல்லை தாண்டுவதால் தப்பித்துக்கொள்கிறது.

அங்கே இறங்கி வேறு நாட்டுக்கு விமானம் மாறுபவர்களை விட்டுவிடலாம், அவர்களுக்கு விமானம்தான் வசதி. மற்றவர்களுக்குத் தடை போடுவதற்கு முன், டிக்கெட் விற்பவர்கள் வீட்டு வாசலிலிருந்து வாசல் வரை ஆகும் நேரத்தைக் காட்டட்டும். உண்மையான கணக்கு கண்ணுக்குத் தெரிந்தால், பாதிப் பேர் தாங்களாகவே ஸ்டேஷன் பக்கம் திரும்பிவிடுவார்கள்.