தாட்சண்ய வியாபாரம்

பதினைந்து வருஷமாக என் வீட்டுப் படி ஏறாத ஒரு பழைய சிநேகிதர், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மனைவியோடு வந்து நின்றார். எனக்கு ஒரே சந்தோஷம். காப்பி வந்தது, பழைய கதைகளைப் பேசிச் சிரித்தோம். அரைமணி நேரம் கழித்து அவர் பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். மேலே ஒரு வட்டம் போட்டு, "இது நீ" என்றார். அதன் கீழே ஆறு வட்டங்கள். ஒவ்வொன்றின் கீழும் இன்னும் ஆறு.

"நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். ஆறு பேரைச் சேர்த்துவிடு. அப்புறம் நீ தூங்கினாலும் பணம் வரும்!"

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு, எழுதாத நாளிலும் பணம் வரும் என்றால் சபலம் தட்டாமல் இருக்குமா? பதினையாயிரம் ரூபாய்க்கு மூலிகைச் சாறு பாட்டில்களை வாங்கிக்கொண்டு நானும் சேர்ந்தேன். ஆகையால், ஏமாளிகளைப் பார்த்துச் சிரிக்கும் புத்திசாலியின் கட்டுரையாக இதை யாரும் வாசிக்க வேண்டாம்.

முதல் பாடம், பெயர்ப் பட்டியல். தெரிந்தவர்கள் நூறு பேரை எழுத வேண்டும். 'இவரிடம் எப்படிக் கேட்பது' என்று யாரையும் நீக்கக் கூடாது. நான் எழுதிய முதல் பெயர் என் தங்கையின் பெயர்.

தாய்மாமன் வெறுங்கையோடு தங்கை வீட்டுக்குப் போகும் வழக்கம் நம்மிடம் இல்லை. பொங்கலுக்குச் சீர் கொண்டு போகிறவன் அவன். காது குத்தும்போது குழந்தையை மடியில் வைத்துக்கொள்கிறவன் அவன். அன்றைக்கும் குழந்தைகள் ஓடிவந்து என் பையைப் பிடித்துக்கொண்டார்கள். உள்ளே இருந்தவை விற்பனைக்கு வந்த பாட்டில்கள். மாப்பிள்ளை விலையைப் பார்த்தார். பிறகு என் தங்கையின் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் உள்ளே போய்ப் பணத்தை எடுத்து வந்தார்.

கடைக்காரனாக இருந்தால், "வேண்டாம், போய்யா" என்று சொல்லியிருப்பார். மனைவியின் அண்ணனிடம் அதை எப்படிச் சொல்வது? அந்தக் கம்பெனி விளம்பரத்துக்குச் செலவழிப்பதில்லை, கடை வாடகை கொடுப்பதில்லை என்று பெருமையாகச் சொன்னார்களே, அதன் ரகசியம் எனக்கு அங்கேதான் விளங்கிற்று. நம்முடைய தாட்சண்யம்தான் அவர்களுடைய முதல். அம்மா வழியிலும் அப்பா வழியிலும் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து வைத்த அந்த முதலைச் செலவழிப்பவர்கள் நாம், லாபம் அவர்களுக்கு.

லாபமாவது நமக்கும் வரும் என்றால், வராது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு பேர் ஆறாறு பேரைச் சேர்த்தால் 36, அடுத்த படியில் 216, அதற்கடுத்து 1,296. பத்தாவது படியில் மட்டும் 6 கோடியே 4 லட்சம் பேர் வேண்டும். பத்துப் படிகளையும் கூட்டினால் 7 கோடியே 25 லட்சம். 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் இருந்தவர்கள், தொட்டில் குழந்தைகள் உள்பட, 7 கோடியே 21 லட்சம் பேர்! பதின்மூன்றாவது படிக்குப் பூலோகமே போதாது. சங்கிலி எந்தப் படியில் நின்றாலும், மொத்தப் பேரில் ஆறில் ஐந்து பங்கு கடைசிப் படியில்தான் இருப்பார்கள். அவர்களுக்குக் கீழே யாரும் இல்லை. மேலே இருப்பவர்களின் கார் அவர்கள் பணத்தில்தான் ஓடுகிறது.

"நாம் சீட்டுக் கட்டுவதில்லையா, மொய் எழுதுவதில்லையா?" என்று கேட்கிறார்கள். ஏலச் சீட்டில் இருபது பேர், இருபது மாதம். ஒவ்வொருவரும் ஒரு தடவை எடுத்ததும் சீட்டு முடிந்தது. மொய் நோட்டில் எழுதியதை அவர்கள் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்கிறோம். கொடுத்தது சுற்றிக்கொண்டு நம்மிடமே வரும் ஏற்பாடுகள் இவை. சங்கிலியில் போனது மேலேதான் போகும். "மளிகைக் கடைக்காரரும் லாபம் வைத்துத்தானே விற்கிறார்?" என்பது இன்னொரு கேள்வி. விற்கட்டும். எதிர்வீட்டில் நானும் ஒரு மளிகைக் கடை திறந்தாக வேண்டும் என்று அவர் என்னைக் கட்டாயப்படுத்துவதில்லை.

இதில் மிகக் கொடியது, நஷ்டப்பட்டவனின் வாயை அடைத்துவிடுகிற சாமர்த்தியம். ஹோட்டல் ஹாலில் நடக்கும் கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன். ஜெயித்தவர் மேடையேறுவார், கைதட்டல் கூரையைப் பிளக்கும். தோற்றவன் சோம்பேறி, சந்தேகப்படுகிறவன் பொறாமைக்காரன். எச்சரிக்கை செய்கிற மனைவியும் தகப்பனாரும் முன்னேற்றத்துக்குத் தடைகள். இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவன் என்ன செய்வான்? மாதா மாதம் இவ்வளவுக்கு வாங்கினால்தான் கமிஷன் என்ற விதிக்காகக் கடன் வாங்கித் தானே வாங்குவான். பாட்டில்களைப் பரணில் ஏற்றுவான். நல்ல வார்த்தை சொன்னவரோடு பேச்சை நிறுத்துவான். ஒரு கல்யாணப் பந்தியில் என்னைக் கண்டதும் உறவினர் இருவர் எழுந்து வேறு வரிசைக்குப் போனார்கள். நான் சேர்ந்து நாலு மாதம்கூட ஆகவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. பணச் சுழற்சித் திட்டங்களைத் தடை செய்யும் சட்டம் 1978-லேயே வந்துவிட்டது. 2021-ல் வந்த நேரடி விற்பனை விதிகளும் ஆள் சேர்த்துப் பிழைக்கும் பிரமிடுத் திட்டங்களைத் தடுக்கின்றன. அமெரிக்காவில் 2016-ல் அரசாங்கத்தின் வர்த்தகக் கமிஷன் தொடுத்த வழக்கில், ஹெர்பாலைஃப் கம்பெனி 20 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. மறு வருஷம் சுமார் மூன்றரை லட்சம் பேருக்குச் செக் போயிற்று. பணத்தைத் திருப்பித் தரக் கோர்ட்டுகளால் முடியும். பந்தியில் எழுந்து போன உறவினரை எந்தக் கோர்ட்டு திரும்ப உட்காரவைக்கும்?

ஆகவே காவல் நம் கையில்தான் இருக்கிறது. சிநேகிதர் தாளை எடுத்து வட்டம் போட்டால், காப்பி கொடுங்கள். "வேண்டாம்" என்று அப்போதே சொல்லிவிடுங்கள். தாட்சண்யத்துக்காக வாங்குகிற ஒவ்வொரு பாட்டிலும் அவரை இன்னும் பத்து வீடு ஏற வைக்கும். வேண்டாம் என்று சொன்ன கையோடு, அடுத்த ஞாயிறு சாப்பிட வரச் சொல்லுங்கள். வெறுங்கையோடு வரச் சொல்லுங்கள்.

மாப்பிள்ளையின் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், அவர் வாங்கிக்கொள்ளவில்லை. அடுத்த பொங்கலுக்குக் கரும்பும் வெல்லமுமாகச் சீர் கொண்டு போனேன். தங்கை வழக்கம்போலச் சிரித்து வரவேற்றாள். குழந்தைகள் மட்டும் வாசற்படியிலேயே நின்றார்கள். பையைத் திறந்து காட்டிய பிறகுதான் அருகில் வந்தார்கள்.