கூம்புக்கு வந்தனம்

ஆட்டோகிராஸ் ஒன்றும் கம்பசூத்திரமில்லை. மைதானத்தில் பிளாஸ்டிக் கூம்புகளை வைத்து, ஒவ்வொரு காராக விட்டு, நேரம் பார்ப்பார்கள். கூம்பைத் தட்டினால் தண்ட நொடிகள்.

முதல் தடவையாக, கோவையில், என் பழைய மாருதி ஜென்னை இறக்கினேன். அகல டயர், புது ஏர் ஃபில்டர்; மாற்றம் அவ்வளவே. திங்கட்கிழமை அதே வண்டியில்தான் மகள் ஸ்கூலுக்குப் போகணும். ('முழுசா வந்தா சரி' - மனைவி.)

டயரின் பிடிமானம் ஒரு பட்ஜெட், சார். பிரேக்குக்கே செலவழித்தால் திருப்பத்துக்கு மிச்சமிராது. ஜென்னில் இழுப்பதும் திரும்புவதும் அதே முன்டயர்கள், இரட்டைச் செலவு!

எனக்கு முன்னால் போன இளைஞர் டயரைக் கதறவிட்டார். பலத்த கைதட்டல். நான் வண்டி நேராக இருக்கும்போதே பிரேக் போட்டு, விட்டு, திருப்பி, அப்புறம்தான் ஆக்ஸிலேட்டரை அழுத்தினேன். சத்தமில்லை, கைதட்டலுமில்லை. அவரைவிட ரெண்டு செகண்டு கம்மி!

கைதட்டலை வரவில் எழுதக் கூடாது. பி.காம். பாலபாடம்.