இரண்டு வால்யூமா, ஒரு பிளெண்டா?

செம்பரம்பாக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஒரகடத்தில் ஷிஃப்ட் வேலை. முகூர்த்த சீசனில் மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார். செகண்ட் ஹேண்டில் வாங்கிய அவரது ஜாஸ் பேஸ் வகைக் கிட்டாரில் வால்யூம், வால்யூம், டோன் என மூன்று நாப். “இதை வால்யூம், பிளெண்ட், டோன் என்று மாற்றச் சொல்கிறார்கள். செலவு செய்யலாமா?”

உங்கள் மேடைக்கு, செய்யலாம்.

1951-ல் வந்த ஃபெண்டர் பிரிசிஷன் பேஸில் ஒரே பிக்கப். ஒரு வால்யூம், ஒரு டோன் போதுமாக இருந்தது. 1960-ல் வந்த ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப். கழுத்துப் பக்கம் இருப்பது உருண்டு திரண்ட சத்தம் தரும். பிரிட்ஜ் பக்கம் இருப்பது தெறிப்பாகப் பேசும். இளையராஜா பாடல்களில் சசிதரன் வாசித்த பேஸை மேடையில் கொண்டுவர, என் காதுக்குக் கழுத்துப் பக்கம் தூக்கலாக வேண்டும். அடுத்த பாட்டு துள்ளல் என்றால் பிரிட்ஜ் பக்கம் போக வேண்டும். இரண்டு வால்யூமில் அதற்கு இரண்டு நாப் திருகணும். பிளெண்டில் ஒன்றே போதும்.

இதைவிடப் பெரிய விஷயம் இரைச்சல். கல்யாண மண்டபத்தில் சீரியல் லைட்டும் டிம்மரும் இருந்தால் சிங்கிள் காயில் பிக்கப் ‘உம்ம்’ என்று இரையும். இப்போதைய ஜாஸ் பேஸ்களில் ஒரு பிக்கப்பை மற்றதற்கு நேரெதிராகச் சுற்றியிருப்பார்கள். இரண்டும் சமமாக ஒலித்தால் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கிவிடும். பெண் வீட்டுப் பெரியவர் மேடைக்கு வந்து, “சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க தம்பி” என்கிறார். இரண்டு வால்யூமையும் ஒரே அளவாகக் குறைக்க யாரால் முடியும்? சமம் தவறியதும் இரைச்சல் திரும்பிவிடும். பிளெண்டிலோ நடுவில் ஒரு சின்னத் தடுப்பு விரலுக்குத் தட்டும், இருட்டிலும் தெரியும். அதை அங்கேயே விட்டுவிட்டு வால்யூமை மட்டும் குறைக்கலாம்.

முதலில் இப்போதே இரண்டு வால்யூமையும் முழுதாக வைத்துப் பாருங்கள். ஒன்றை மட்டும் வைத்ததைவிட இரைச்சல் குறையவில்லை என்றால் பிக்கப்புகள் அப்படிச் சுற்றப்படவில்லை. பிளெண்ட் போட்டாலும் அது போகாது. இரவு முழுக்க ஒரே சத்தத்தில் வாசிப்பவர் என்றாலும் காசு மிச்சம்.

மாற்றுவது சுலபம். துளை போட வேண்டாம். ஒரு வால்யூமைக் கழற்றிய இடத்தில் பிளெண்ட் உட்காரும். கடையில் ‘எம்.என். டேப்பர், 250கே’ என்று கேளுங்கள். இந்த வகையில் நடுவில் வைத்தால் இரண்டு பிக்கப்பும் முழுதாகத் திறந்திருக்கும். சாதாரண பிளெண்டில் நடுவில் சத்தம் மங்கும். தண்டு உங்கள் நாப்புக்குப் பொருந்துமா என்றும் பார்த்து வாங்குங்கள்.

சால்டரிங் முடிந்ததும் உடனே மூடிவிடாதீர்கள். ஆம்பை மெதுவாக வைத்து, பிளெண்டை ஒரு ஓரத்துக்குத் திருப்பி, ஸ்க்ரூ டிரைவரால் ஒவ்வொரு பிக்கப்பையும் லேசாகத் தட்டுங்கள். எந்தப் பிக்கப் ‘டக்’கென்று பலமாகக் கேட்கிறதோ, அதுதான் அந்தப் பக்கம். தலைகீழாக இருந்தால் அப்போதே வயரை மாற்றிவிடலாம்.