காபியில் விஸ்கி: 30 மில்லி போதும்

“இரண்டு நல்ல சமாச்சாரத்தையும் ஒரே டம்ளர்ல போட்டுக் கெடுக்கறீங்களே சார்!” என்கிறார் என்னோடு வாக்கிங் வரும் நண்பர். அவர் சொல்வதை நான் ஏற்கவில்லை. மது தொடாதவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிப் போய்விடலாம். புதிதாகத் தொடவும் வேண்டாம். எப்போதாவது ஒரு பெக் போடும் என் வயதுக்காரர்களுக்குத்தான் இது. ஐரிஷ் காபி முதலில் காபி. விஸ்கி அதற்கு வாசனை சேர்க்க வந்தது, அவ்வளவுதான்.

அது பிறந்த இடமே அப்படி. அயர்லாந்தின் மேற்கே ஃபாயின்ஸ் என்று ஓர் ஊர். 1940களின் தொடக்கத்தில் அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்கள் அங்கே தண்ணீரில்தான் இறங்கும். குளிரில் நடுங்கி வந்த பயணிகளுக்கு, அங்கே சமையல் பொறுப்பில் இருந்த ஜோ ஷெரிடன், சூடான காபியில் சர்க்கரையும் கொஞ்சம் விஸ்கியும் சேர்த்து, மேலே க்ரீம் மிதக்க விட்டுக் கொடுத்தார். உடம்பு சூடேற ஒரு கப், அதுதான் நோக்கம். 1952-ல் டெலாப்ளேன் என்ற பத்திரிகையாளர் சொல்லி, சான் ஃபிரான்சிஸ்கோவில் புவேனா விஸ்டா என்ற கஃபேயில் இதைச் செய்யப் பார்த்தார்கள். க்ரீம் மிதக்காமல் மூழ்கிக்கொண்டே இருந்ததாம்!

வீட்டிலும் அந்த க்ரீம்தான் படுத்தும். கடையில் அட்டைப் பெட்டியில் வரும் ஃப்ரெஷ் க்ரீமில் கொழுப்பு 25 சதவீதம் அளவில்தான் இருக்கும்; எவ்வளவு அடித்தாலும் சரியாக நிற்காது. 35 சதவீதம் உள்ள விப்பிங் க்ரீம் வேண்டும். நன்றாகக் குளிரவைத்து, தோசை மாவு பதத்துக்கு அடித்தால் போதும். கெட்டியாக அடித்தால் காபி மேல் கட்டியாக உட்கார்ந்துவிடும். ஸ்பூனைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் முதுகில் மெதுவாக ஊற்ற வேண்டும். காபியில் ஒரு ஸ்பூன் சர்க்கரை அவசியம். அது இனிப்புக்கு மட்டுமல்ல, காபியின் அடர்த்தியைக் கூட்டி க்ரீமைத் தாங்குகிறது. சுகர் உள்ளவர்கள் இந்தப் பக்கமே வராமல் இருப்பது நல்லது.

காபித்தூளில் சிக்கரி கூடாது. நம் ஃபில்டரிலேயே டிகாக்ஷன் இறக்கி, பால் விடாமல், வெந்நீர் சேர்த்து 120 மில்லி ஆக்கிக்கொள்ளுங்கள். வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிய கண்ணாடி டம்ளரில் முதலில் சர்க்கரை, காபி, கலக்கியபின் விஸ்கி, கடைசியில் க்ரீம். அதற்குமேல் கலக்கக் கூடாது. குளிர்ந்த க்ரீம் வழியாகச் சூடான காபி நாக்குக்கு வருவதுதான் சுகம். புகை வாசனை அடிக்கும் ஸ்காட்ச் இதற்குச் சரிவராது. ஐரிஷ் விஸ்கி மிருதுவானது.

சில் என்று வேண்டுமானால், கொரகொரப்பாக அரைத்த தூளை எட்டு மடங்கு பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டு, ஃப்ரிட்ஜில் 12 மணி நேரம் வைத்து வடிகட்டுங்கள். குளிர்ந்த காபியில் சர்க்கரை கரையாது, பாகாக்கி ஊற்றவும். ஐஸ் போட்டால் நீர்த்துப்போகும் என்பதால், காபியையே ஐஸ் ட்ரேயில் உறையவைத்துப் போடுவேன். வெயில் காலத்தில் எனக்கு இதுதான் பிடிக்கும்.

ஆனால் பயமும் இதில்தான். சூடானதை ஊதி ஊதிக் குடிக்கிறோம். குளிர்ந்தது மோர் மாதிரி இறங்கிவிடும். காபி போதையைத் தெளிய வைக்கும் என்று நம் ஆட்களில் பலர் இன்னும் நம்புகிறார்கள். தெளிய வைக்காது, போதை ஏறியிருப்பது தெரியாமல் மறைக்கும், அவ்வளவே. 2010-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் காஃபீன் கலந்த மதுபானம் விற்ற நான்கு கம்பெனிகளை இதே காரணத்துக்காக எச்சரித்தது. சர்வதேச பார்டெண்டர் சங்கத்தின் செய்முறை 50 மில்லி விஸ்கி என்கிறது. அது இளைஞர்களுக்கு இருக்கட்டும். 60 தாண்டிய நமக்கு 30 போதும், அதுவும் ஒரே கப். தூக்க மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதையும் தொடக்கூடாது.

மருந்து அளக்கும் மூடியில் அளந்து ஊற்றிவிட்டு, பாட்டிலை அலமாரியில் வைத்துப் பூட்டிய பிறகுதான் நான் க்ரீமையே வெளியில் எடுப்பேன். மாலை ஐந்து மணிக்குமேல் அதுவும் கிடையாது, ராத்திரி தூக்கம் போய்விடும்.