முதலாளி என்னும் முகமூடி

“உனக்கு நீயே முதலாளி!” உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வேலையின்றி நிற்கும் இளைஞருக்கும் யுவதியருக்கும் இன்று உபதேசிக்கப்படும் மந்திரம் இதுவே. வலைப்பூ எழுது, மொழிபெயர், விளம்பரம் வரை, உலகமே உன் சந்தை என்கிறார்கள். அந்தச் சந்தையில் விலையை நிர்ணயிப்பவர் யார் என்பதை மட்டும் அவர்கள் சொல்வதில்லை.

புத்தளக் கரைக்கு இக்கேள்வி புதிதன்று. சொந்தத் தோணியும் சொந்த வலையும் உடைய மீனவன், வியாபாரியிடம் முற்பணம் வாங்கிய அன்றே தன் மீனுக்கு விலை சொல்லும் உரிமையை இழக்கிறான். கருவி அவனுடையது, கடலின் ஆபத்தும் அவனுடையது, விலை மட்டும் பிறனுடையது. அவனை எவரும் முதலாளி என்று அழைப்பதில்லை. கணினியின் முன் அமர்ந்திருக்கும் அவன் மகனை மட்டும் ஏன் அவ்வாறு அழைக்கிறோம்?

கணக்கைப் பார்ப்போம். 2010இல் 5 டொலர் வேலைகளோடு தோன்றிய ‘ஃபைவர்’ என்னும் இணையச் சந்தை, உழைப்பவரின் வருமானத்தில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. 5 டொலரில் கைக்கு வருவது 4. மின்சாரம், இணையக் கட்டணம், கணினியின் தேய்மானம் யாவும் அதற்குள்ளேதான். சம்பளத் தொழிலாளிக்காக ஊழியர் சேமலாப நிதிக்கு 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதமும் தொழில்தருநர் செலுத்த வேண்டும் என்கிறது சட்டம். இவருக்காக அந்த 15 சதவீதத்தைச் செலுத்துவார் எவருமில்லை. 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டமும், 2016ஆம் ஆண்டின் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டமும் இவர் வீட்டு வாசலிலேயே நின்றுவிடுகின்றன. இவர்தாம் ‘முதலாளி’ ஆயிற்றே! பட்டத்தைச் சூட்டிப் பாதுகாப்பைப் பறிக்கும் தந்திரம் இது.

துண்டுக் கூலியே முதலாளித்துவத்துக்கு மிகவும் உகந்த கூலிமுறை என்று மார்க்ஸ் 1867இல் ‘மூலதனம்’ நூலில் விளக்கினார். அம்முறையில் உழைப்பாளி தன்னைத் தானே விரட்டிக்கொள்கிறான், கங்காணி தேவைப்படுவதில்லை.

டொலர் வருமானம் நல்லதுதானே என்பர் சிலர். 2022இல் ரூபாய் வீழ்ந்தபோது டொலரில் ஊதியம் பெற்றோர் ஓரளவு தப்பினர் என்பது உண்மை. ஆனால் அவ்வாண்டு செப்டெம்பரில் பணவீக்கமும் ஏறக்குறைய 70 சதவீதத்தை எட்டியது. நாட்டின் வீழ்ச்சியில் கிடைத்த ஆறுதலை உழைப்பின் நியாய விலை என்று கொள்ளலாமா?

விலையைப் பக்கத்து வீட்டுக்காரன் கேட்கும் தொகையிலிருந்து கணிக்கக் கூடாது. வாழ்விலிருந்து கணிக்க வேண்டும். மாதச் செலவு, வேலை கிடைக்காத நாள், நோய், முதுமை ஆகியவற்றைக் கூட்டி, உண்மையில் கூலி கிடைக்கும் மணிகளால் வகுத்தால் வருவதே அடிமட்ட விலை. “இலவசமாக எழுது, பெயர் வரும்” என்பவனுக்குப் பெயரைக் கொண்டு அரிசி வாங்க முடியாது என்று பதில் சொல்ல வேண்டும்.

தனியொருவர் விலையை உயர்த்தினால் வேலை அடுத்தவருக்குப் போய்விடும். டாக்காவிலும் மணிலாவிலும் இருக்கும் அந்த அடுத்தவரும் நமக்குப் பகைவரல்லர். அதே பொறியில் அகப்பட்டவரே. ஆகவே முதற்படியை அண்மையில் வைப்போம். கற்பிட்டியின் விடுதிகளும் கொழும்பின் கடைகளும் தரும் வேலைக்கேனும், ஊரில் இத்தொழில் புரிவோர் கூடி ஒரே அடிமட்ட விலையை வகுக்கட்டும். அதற்குக் கீழே எவரும் கையெழுத்திடாதிருக்கட்டும். சட்டத்தின் காவலைத் தமக்கும் விரிக்குமாறு அதே சங்கம் கோரட்டும்.

ஆசிரியத் தோழர்களே, வட்டிக் கணக்கைக் கற்பிக்கும் நாம் கூலிக் கணக்கையும் கற்பிப்போம். தன் உழைப்பின் விலையைத் தானே கணிக்கத் தெரிந்த மாணவனை எந்தப் பட்டத்தாலும் ஏமாற்ற இயலாது.