மாற்றுவழியும் காரணமும்

கருவி எத்துணைச் சிறந்ததாயினும் அதற்கும் ஓர் எல்லை உண்டு. அவ்விடத்துப் பணியை நிறுத்தாது மாற்றுவழி காண்பது அறிவுடைமை. அவ்வழியின் காரணத்தைப் பிறர் அறிய எழுதிவைப்பது அதனினும் சிறந்த அறிவுடைமையாகும்.

கணிப்பொறி நிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் இசைவளித்துப் பொதுவில் வைப்பதைத் திறமூலம் என்பர். நிரலில் நிகழும் மாற்றங்களைப் பதிந்து காக்கும் திறமூலக் கருவிகளுள் ஒன்று ‘கிட்’. லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் 2005ஆம் ஆண்டில் இதனை உருவாக்கினார். இக்கருவி கோப்புகளையே பதியும். கோப்பு ஏதுமில்லாத வெற்றுக் கோப்புறையைப் பதியாது. நிரல் இயங்குதற்கு அத்தகைய உறை தேவைப்படின் என் செய்வது? நிரல் எழுதுவோர் அதனுள் வெற்றுக் கோப்பு ஒன்றை இட்டு, ‘கிட்கீப்’ எனப் பெயரிடுவர். அப்பெயர் கருவி அறிந்ததன்று. எழுதுவோரிடையே எழுந்த வழக்கே. கோப்புப் பதியப்படவே, உறையும் உடன் நிலைபெறும்.

இவ்வழி எளிது, ஆயின் இடர் உடையது. பின்வந்த ஒருவர், ‘இவ்வெற்றுக் கோப்பால் பயன் என்?’ என்று அதனை நீக்கிவிடின், நிரலைப் புதிதாகப் பெறுவோரிடம் அவ்வுறை இராது. நிரல் இடையில் நின்றுவிடவும் கூடும். ‘உறையைக் காத்தற்கு இஃது இடப்பெற்றது’ என்னும் ஒரு வரி அக்கோப்பினுள் இருந்திருப்பின், நீக்குமுன் அவர் எண்ணிப் பார்த்திருப்பார்.

காரணம் எழுதுதல் வீண்வேலை என்பாரும் உளர். திறமூல நிரலைத் திருத்துவோர் பலர் ஒருவரையொருவர் கண்டறியாதவர். அவர்க்கு எழுத்தே துணை. நம் இலக்கண நூலோரும் விதியுள் அடங்காதவற்றை மறைத்தாரல்லர். புறனடை கூறி வெளிப்படுத்தினர்.

மாணவர்களே! மாற்றுவழி காணத் தயங்காதீர். அதன் காரணத்தை எழுத மறவாதீர்.